நாற்பதில் ஒரு திருமண் கோடு

எங்கள் வேனில் வேகம் காட்டும் மீட்டரின் கண்ணாடிமேல், நாற்பது என்ற எண்ணுக்கு நேராக, ஒரு சின்ன வெள்ளைக் கோடு இருக்கிறது. திருமண்ணால் போட்டது. போட்டவர் எங்கள் மாமா. மாமா என்றால் எனக்கு உறவு இல்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் ஆள் வைத்துச் சமைத்து, மண்டபங்களுக்கும் விசேஷ வீடுகளுக்கும் அனுப்புகிறவர். எல்லோரும் மாமா என்று கூப்பிடுவதால் எனக்கும் அவர் மாமா. வேன் அவருடையது. பல வருஷமாக அதை ஓட்டுகிறவன் நான்.

நான் பாலக்கரைக்காரன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் பிடித்தேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அண்டாக்களை ஏற்றுவதும் இறக்குவதும் மாமாவின் சமையல் ஆட்களின் வேலை. நான் தொடுவதில்லை, தொடச் சொல்லி அவர்களும் கேட்பதில்லை. ஸ்ரீரங்கத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் ரோடு மட்டும் என்னுடையது.

ரசத்தை அவர்கள் சாத்தமுது என்பார்கள், பாயசத்தைத் திருக்கண்ணமுது. மாமா இந்த இரண்டு அண்டாவுக்கும் மூடி போட விடமாட்டார். மூடினால் ஆவி வேர்த்து உள்ளேயே சொட்டும், மணம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. வாழையிலையை வாய்க்கு மேல் பரப்பி, துணியால் சுற்றிக் கட்டுவதோடு சரி. அப்படிக் கொண்டுபோகிற சாமான் தளும்பாமல் போக வேண்டும் என்றால் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் கோடு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெற்றியில் இட்டுக்கொண்டது போக மீதி இருந்த திருமண்ணை விரலில் தொட்டு, கண்ணாடியில் ஓர் இழுப்பு இழுத்து, "முள் இதைத் தாண்டப்படாது, ஓய். அவ்வளவுதான் உமக்கும் எனக்கும் பேச்சு" என்றார்.

எனக்கு அது வசதியாக இருந்தது. கோட்டில் முள்ளை நிறுத்துவேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். திரும்பி வரும்போது மாமா முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டோல்கேட் வருவதற்குள் தூங்கிப்போவார். நன்றாகக் குறட்டை விடுவார். என் ஓட்டத்துக்கு யாரும் தந்த நல்ல பேர் அந்தக் குறட்டைதான் என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

வேனின் பின் அச்சு ஒரு நாள் உடைந்தது. மண்ணச்சநல்லூர் தாண்டி, காலி அண்டாக்களோடு வந்துகொண்டிருந்தபோது அடியில் கடகடவென்று சத்தம். அப்புறம் இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு பால்பண்ணைப் பக்கம் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பாய். கெட்டிக்காரர், வேகமாகப் பேசுவார். உள்ளே டயர்களைச் சுற்றவைக்கும் கிரவுன் சக்கரத்தின் பற்கள் உதிர்ந்திருந்தன. எங்கள் வேன் பழசு, அதற்குப் புதுசு கிடைக்கவில்லை. அதே கம்பெனியின் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய செட் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினார்.

"பல்லுக் கணக்கு கொஞ்சம் வித்தியாசம் அண்ணே. ஒண்ணும் பண்ணாது. ஏத்தத்துல லேசா திணறும், ரோட்டுல சும்மா வழுக்கிட்டுப் போகும்" என்றார்.

பல் வித்தியாசம் என்றால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் அடுத்த வண்டிக்கு அடியில் போய்விட்டார். வெளியே நீட்டியிருந்த காலை மட்டும் பார்த்து எப்படிப் பேசுவது? சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த முகூர்த்தத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. துறையூரில் ஒரு நிச்சயதார்த்தம். டவுனுக்குள் போகும்போது நெரிசலில் யாரும் நாற்பதைத் தொட முடியாது. துறையூர் ரோடு அப்படியில்லை, முள்ளைக் கோட்டில் நிறுத்தி அப்படியே போகலாம். அன்றும் அப்படித்தான் போனேன். இறக்கும்போது பார்த்தால் இலை முழுக்க நனைந்து, கட்டிய துணியில் சாத்தமுது ஊறி, வேனின் தரையில் ஓடியிருந்தது.

பரிமாறுகிறவர் ஒருவர் எங்களோடு வருவார். நாற்பது வயதுக்காரர், வாய் சும்மா இராது. பின்னால் அண்டாக்களோடு அவர்தான் உட்கார்ந்து வருவார்.

"அண்ணா, மண்டபத்துல எனக்கு வேலையே வைக்கலியே! வண்டியிலேயே பரிமாறிட்டேளே!" என்றார்.

மாமா சிரிக்கவில்லை. "கோட்டைத் தாண்டினீரா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. கோட்டுலதான் இருந்துச்சு."

அதற்கடுத்த தடவை அவரே முன்னால் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தார். முள் கோட்டின்மேல் அசையாமல் நின்றது. போய் இறங்கியபோது மறுபடியும் தரையெல்லாம் ஈரம். மாமா ஈரத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"வேகம் சரியாத்தான் இருக்கு. அப்போ கைதான் சரியில்லே" என்றார்.

அவர் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டால் விடை அதுதான் வரும். வேகத்துக்குக் கோடு சாட்சி. என் கைக்கு யாரும் சாட்சி இல்லை.

நானும் அதை நம்பினேன். நம்புவதற்கு எனக்குள்ளேயே காரணம் இருந்தது. துறையூர் ரோட்டில் மரங்கள் முன்பைவிட வேகமாக என்மேல் வருவது போல் இருந்தது. முன்னால் போகும் சைக்கிள்காரர் சட்டென்று பக்கத்தில் வந்துவிடுவார். பிரேக்கை நினைத்ததைவிட அழுத்த வேண்டியிருந்தது. ஆனால் முள் நாற்பதில் இருக்கிறது, இன்ஜின் சத்தமும் எனக்குப் பழகிய அதே நாற்பதின் சத்தம்தான். உலகம் வேகமாகப் போகிறது, வண்டி பழையபடி போகிறது என்றால் கோளாறு எங்கே? என் தலைக்குள் என்றுதான் நினைத்தேன். ஐம்பது வயதுக்குமேல் சில டிரைவர்களுக்கு ரோட்டைக் கண்டால் பயம் வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கும் வந்துவிட்டது போல.

வீட்டில் சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, ஆடுகிறதா என்று பார்த்தேன். மனைவி கவனித்துவிட்டாள்.

"என்னங்க, டம்ளருக்கு ஆராதனை காட்டுறீங்க?"

சொன்னேன். தையல் மிஷினிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "கோத்துக் காட்டுங்க பாப்போம்." முதல் தடவையிலேயே கோத்தேன். "எனக்கே மூணு தடவை ஆகுது. கை நடுங்குதாம் கை! போய் கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்றாள். புத்தூரில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். எழுத்துப் படிக்க மட்டும் கண்ணாடி போதும், தூரப் பார்வை நன்றாக இருக்கிறது என்றார். நல்ல சேதிதான். ஆனால் கையும் இல்லை, கண்ணும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது பயம் ஒன்றுதான் என்று எனக்கு இன்னும் கலக்கம் ஆனது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அப்புறம் துறையூரிலேயே ஒரு சீமந்தம் வந்தது. ஒரு வளைவில் திருக்கண்ணமுது அண்டாவிலிருந்து துணியை மீறி வழிந்து, பரிமாறுகிறவர் காலில் கொட்டியது. ஆறியிருந்ததால் பெரிய காயம் இல்லை, சிவந்துபோனதோடு சரி. அன்றைக்கு அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

பந்தி முடிந்தபின் மாமா என்னை மண்டபத்துக்குப் பின்னால் கூப்பிட்டார். தோளில் கைவைத்துப் பேசினார். அவர் அப்படி என்னைத் தொட்டதே இல்லை.

"நீர் ரொம்ப வருஷம் ஓட்டியாச்சு. கொஞ்ச நாள் ஓய்வா இரும். இந்த மாசத்தோட வேற ஆளைப் பார்த்துக்கறேன். தப்பா எடுத்துக்காதேயும்."

"சரிங்க மாமா" என்றேன். திட்டியிருந்தால்கூட இரண்டு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மாமா அன்று அந்த வீட்டுக்காரர்களின் காரில் திரும்பிவிட்டார். காலி அண்டாக்களோடு நானும் பரிமாறுகிறவரும் வந்தோம். வழக்கத்துக்கு மாறாக அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

இங்கே என் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொள்ளிடப் பாலம் ஏறியதும் நான் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பிப்பேன். ஆற்றைத் தாண்டும்போது ஜெபிக்காமல் தாண்டக்கூடாது என்பது கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியின் உத்தரவு. நிதானமாகத்தான் சொல்வேன். நெரிசல் இல்லாமல் முள் கோட்டில் நின்றால், பாலம் முடிவதும் ஐந்தாவது ஜெபம் முடிவதும் ஒன்றாக இருக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான். அச்சு மாற்றியதிலிருந்து நாலு முடிந்ததுமே பாலம் முடிந்துவிடும். ஐந்தாவதை மண்ணில் இறங்கித்தான் சொல்வேன். அதையும் என் கோளாறாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். பக்தி மந்தமாகிவிட்டது, வாய்க்குள்ளேயே இழுக்கிறேன் என்று.

அன்றும் நாலிலேயே பாலம் முடிந்தது. ஆனால் அன்று எனக்கு வேலை போய்விட்டது. அந்தத் தைரியமோ என்னவோ, முதல்முறையாக வேறு மாதிரி தோன்றியது. பாலத்தின் இணைப்புகளில் டயர் ஏறும்போது வரும் 'தடக் தடக்' சத்தமும் நெருக்கி நெருக்கி வந்தது. ஜெபத்தை நான் இழுக்கலாம். பாலத்தின் இணைப்பை நான் எப்படி நெருக்க முடியும்?

திருவானைக்கோவில் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன்.

"உங்க ஃபோன்ல வண்டியோட வேகம் காட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. "மேப்பைப் போட்டா காட்டும். ஏன் அண்ணா?"

"போடுங்க. திரும்பப் பாலத்துக்குப் போவோம்."

"காலி அண்டாவை வச்சுண்டு ஊர்வலமா? நீங்க சொன்னா சரி."

திரும்பிப் பாலத்தில் ஏறினோம். முள்ளைக் கோட்டில் நிறுத்தினேன். அவர் ஃபோனைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார்.

"அண்ணா, இது அம்பதுன்னு காட்டறது."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பார்க்கறேன். அம்பது. நாப்பத்தொன்பது. திருப்பி அம்பது."

ஆனாலும் ஃபோனை மட்டும் நம்பிப் பேச எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை தனியாக மண்ணச்சநல்லூர் ரோட்டுக்குப் போனேன். ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல் ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, மீட்டரில் ஓடிய தூரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன். ஐந்து கிலோமீட்டர் கல் கணக்கில் போனபின் பார்த்தால் மீட்டர் நாலுதான் ஓடியிருந்தது. கல் யாருக்கும் பயந்து வேகமாக ஓடாது. வேனை ஓரத்தில் விட்டுவிட்டு அந்தக் கல்லின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கை நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, மரங்கள் நிஜமாகவே வேகமாகத்தான் வந்திருக்கின்றன. எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் காய்கறிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து பூசணி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நாம அம்பதுல போயிட்டிருந்தோம்."

"கோடு நான் போட்டது. நாற்பதுக்கு நேராத்தான் போட்டேன்" என்றார் முகம் சுருங்கி.

"கோடு சரிதான் மாமா. முள்ளுதான் பொய் சொல்லுது. அச்சு மாத்துனதுலேர்ந்து."

பாலத்தையும் கல்லையும் சொன்னேன். ஜெபக் கணக்கை மட்டும் சொல்லவில்லை. மாமா பூசணியைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை நாளும் அம்பதுலயா சாத்தமுதைக் கொண்டுண்டு போனோம்?"

பின்னாலிருந்து பரிமாறுகிறவர் குரல் வந்தது. "அம்பதுல போயும் அரை அண்டா மிஞ்சித்தே மாமா! அதுக்கே அண்ணாவுக்கு மாலை போடணும்."

மாமா உடனே எதையும் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. "போய்ச் சரி பண்ணிண்டு வாரும். துறையூர்ல ஒரு சஷ்டியப்தபூர்த்தி இருக்கு. அதுல பார்ப்போம்" என்றார்.

பட்டறையில் பாய் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "மீட்டரைப் பாத்து வண்டி ஓட்டுற ஆளு திருச்சியில இருக்காரா? பட்டறைக்கு வர்ற பாதி வண்டியில மீட்டர் கேபிளே கிடையாது அண்ணே."

"எங்க வண்டியில பாப்பாங்க பாய்."

அவர் கண்ணாடியில் இருந்த கோட்டைப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "இவ்வளவுதானா? கோட்டைத் தொடைச்சுட்டு முப்பத்திரண்டுல போட்டுக்கங்க. முள்ளு அங்க நின்னா நிஜ வேகம் நாப்பது. பத்து பைசா செலவில்லை." துடைக்கத் துணியையும் எடுத்துவிட்டார்.

அவர் சொன்னது கணக்குப்படி சரி. ஆனால் அது திருமண். நான் துடைக்கக்கூடாது, அவரும் துடைக்கக்கூடாது. அதைவிட முக்கியமாக, கோட்டை மாற்றினால் தப்பு கோட்டில் இருந்ததாக ஆகிவிடும். மாமா அதற்கு ஒருநாளும் ஒப்பமாட்டார்.

"வேணாம் பாய்" என்றேன். "கோட்டைத் தொடாதீங்க. மீட்டரைச் சரி பண்ணுங்க. தூரமும் தப்பால்ல ஓடுது?"

என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. பாய் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் பொறுமையாகவே விளக்கினார்.

"மீட்டருக்குப் போற கேபிள் கியர்பாக்ஸ்லேர்ந்து கெளம்புது. வீல் எவ்வளவு சுத்துதுன்னு அதுக்குத் தெரியாது. நடுவுல ஓடுற ஷாஃப்ட் எவ்வளவு சுத்துதுன்னுதான் தெரியும். முன்னாடியெல்லாம் ஷாஃப்ட் அஞ்சு சுத்து சுத்துனா வீல் ஒரு சுத்து. இப்ப நாலு சுத்துக்கே வீல் ஒரு சுத்து. மீட்டர் பழைய கணக்குலயே இருக்கு, பாவம்."

அதனால்தான் இன்ஜின் சத்தமும் முள்ளோடு ஒத்துப்போயிருக்கிறது. இரண்டும் ஒரே பக்கம். அந்தப் பக்கம் சேராதது ரோடும் நானும்தான்.

கேபிள் கியர்பாக்ஸில் சேரும் இடத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு பல்சக்கரம் இருந்தது. இருபது பல். அதற்குப் பதிலாகப் பதினாறு பல் உள்ளது போட்டால் கேபிள் அந்த அளவுக்கு வேகமாகச் சுற்றும், கணக்கு நேராகிவிடும் என்றார். பழைய கியர்பாக்ஸ்களைக் குடைந்து, அந்தச் சின்னச் சக்கரத்தையும் அதைத் தாங்கும் கூட்டையும் தேடி எடுக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. மாட்டும்போது நான் பக்கத்திலேயே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அவர் காலோடு பேசவும் தயாராக இருந்தேன். முடிந்ததும் அவரையும் ஏற்றிக்கொண்டு கல் பார்க்கப் போனேன். ஐந்துக்கு ஐந்து.

"இனிமே உங்க மாமா ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார் பாய். "சொன்னா இங்க கூட்டிட்டு வாங்க."

சஷ்டியப்தபூர்த்தி அன்று மாமா முன்னால் உட்காரவில்லை. பின்னால் ஏறி, சாத்தமுது அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பரிமாறுகிறவர் முன்னால் வந்தார், மடியில் ஃபோனோடு. கோட்டில் முள். நாற்பது என்றது ஃபோனும். வண்டி அசந்துபோன மாதிரி மெதுவாகப் போவதாக எனக்கே தோன்றியது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார். மரங்கள் பழையபடி ஒவ்வொன்றாக, தங்கள் நேரத்துக்கு வந்தன. அந்த வளைவிலும் முள்ளைக் கோட்டிலேயே வைத்துத் திருப்பினேன். பின்னால் சத்தமே இல்லை.

மண்டபத்தில் மாமா கீழே இறங்காமல் முதலில் கட்டை அவிழ்த்தார். இலையை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஆவி பூத்திருந்தது. சாத்தமுது பட்ட கறை இல்லை. இலையைப் பரிமாறுகிறவர் கையில் கொடுத்தார்.

"என்ன ஓய், வாய் அடைச்சுப்போச்சா?"

"இல்லே மாமா. இன்னிக்கு மண்டபத்துல பரிமாறணுமேன்னு கவலைப்படறேன்."

பந்தி முடிந்து, காலிப் பாத்திரங்கள் ஏறியபின், மாமா இடுப்பிலிருந்து திருமண் பொட்டலத்தை எடுத்தார். தண்ணீர் தொட்டுக் குழைத்து, மங்கிப்போயிருந்த கோட்டின்மேலேயே, அதே இடத்தில், விரலால் ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு முன் சீட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு ஆள் பற்றிய பேச்சு அதோடு போயிற்று.

மண்ணச்சநல்லூர் தாண்டும்போது அவர் தலை சாய்ந்தது. டோல்கேட் வருவதற்குள் குறட்டை கேட்டது. வேன் கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. தடக் என்று ஓர் இணைப்பு, கொஞ்சம் பொறுத்து அடுத்தது. நான் ஆரம்பித்தேன். ஐந்தாவது ஜெபத்துக்கு ஆமென் சொன்னபோது முன் டயர் மண்ணில் இறங்கியது.